கல்லில் இல்லாத பூ

முன்ஷி தௌலத் ராய் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது, நஜீபன் அன்றைய நாற்பதாவது கசகசாப் பூவை வரைந்துகொண்டிருந்தாள். அணில் முடித் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். இன்னும் எட்டுப் பூ இருந்தது. அதற்குள் வெயில் முற்றத்தைவிட்டுப் போய்விடும்.

குளிர்காலம் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் முதுகு நிமிராது. கல்கத்தாவிலிருந்து படகிலும் கூடாரத்திலுமாக வரும் துரைமார்களும் அவர்கள் மனைவிமார்களான மேம்களும் ஆக்ராவில் பத்து நாள் தங்குவார்கள். போகும்போது ஆளுக்கொரு கட்டுப் படம் வாங்காமல் போகமாட்டார்கள். ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு தாள். ஆற்றிலிருந்து தெரியும் ரௌசா, தோட்டத்திலிருந்து தெரியும் ரௌசா, சிக்கந்தராவின் வாசல், கோட்டைக்குள் இருக்கும் முத்து மசூதி, அக்கரையில் இருக்கும் வஜீரின் கல்லறை. தாஜ்மகால் என்று நீட்டி முழக்குவதெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான். அந்த ஊரில் அது வெறும் ரௌசா. பன்னிரண்டில் ஒரு தாள் கட்டாயம் ரௌசாவுக்குள் இருக்கும் பேகத்தின் சமாதிக் கல்லாக இருக்கும். வெள்ளைப் பளிங்கில் சிவப்பும் நீலமும் பச்சையுமாய்க் கல் பதித்த பூவேலை. மேம்கள் கட்டைப் பிரித்ததும் முதலில் உருவிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

படங்கள் இம்தாத் அலியின் பெயரில் போயின. நஜீபனின் தம்பி. அளவுகோலை வைத்து அவன் குவிமாடமோ மினாரோ போட்டால் மயிரிழை பிசகாது. ஆனால் அவனுக்குப் பூ வராது. அவன் போடும் ரோஜா வெங்காயம் மாதிரி இருக்கிறது என்று அவன் மனைவி வஜீரனே சொல்லுவாள். பூக்கள் எல்லாம் நஜீபனுடையவை. பதினெட்டு வயதில் விதவையாகித் தாய்வீடு திரும்பியவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. அப்பா இருந்த காலத்தில் அவருக்கு நிறம் அரைத்துக் கொடுக்க உட்கார்ந்தவள், பிறகு அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இது வெளியில் யாருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவும் இல்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

ரௌசாவுக்குள் அவள் போனதே இல்லை. மொட்டைமாடியில் ஏறினால் குவிமாடம் தெரியும். துணி உலர்த்தும்போது பார்த்துக்கொள்வாள். சின்ன வயதில் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. ஒரு தடவை அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு தடவை அவசர வேலை, ஒரு தடவை டோலி கிடைக்கவில்லை. அப்புறம் அந்த ஆசை எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. அப்பா அந்தக் கல்லின் முன்னால் பல நாள் உட்கார்ந்து எடுத்த பிரதி மான்தோலில் ஊசிக்குத்தாய் இருந்தது. தோலைக் காகிதத்தின் மேல் விரித்துக் கரித்தூள் முடிச்சால் தட்டினால் பூவெல்லாம் புள்ளி புள்ளியாய் இறங்கிவிடும். அதன்மேல் கோடு, அதன்மேல் நிறம். இதற்கு ரௌசாவுக்கு எதற்குப் போக வேண்டும்?

திரைக்கு அந்தப் பக்கம் முன்ஷியின் குரல் கேட்டது. முன்ஷி ராணுவக் குடியிருப்பில் துரைமார்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவர். படம் வாங்க வரும் மேம்களை இந்த வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவதும் அவர்தான்.

"இம்தாத் மியான், நான் உங்களுக்கு நல்லதுதானே செஞ்சிருக்கேன்? என் மூஞ்சியில இப்படிக் கரியைப் பூசலாமா?"

"என்ன முன்ஷிஜி, என்ன ஆச்சு? உக்காருங்க முதல்ல."

"எங்க உக்கார்றது! கார்வெல் மேம் உங்க படத்தைக் கையில எடுத்துக்கிட்டு ரௌசாவுக்குள்ள போய் உக்காந்துட்டா. ரெண்டு நாளு. ஒவ்வொரு பூவா விரலை வச்சு எண்ணியிருக்கா."

"எண்ணட்டுமே. எங்க அப்பா கல்லைப் பாத்து எடுத்த அச்சு அது."

"அப்ப இது என்ன?" தாள் விரியும் சத்தம் கேட்டது. "இந்த ரெண்டு சிவப்புப் பூவுக்கு நடுவுல, இடது பக்கமா சாஞ்சுக்கிட்டு ஒரு நீலப் பூ. கல்லுல அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது. மொட்டையா வெறும் கல்லு. கல்லுல இல்லாத பூ காகிதத்துக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

திரைக்கு இந்தப் பக்கம் நஜீபன் காதிலிருந்த தூரிகையை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். அந்தப் பூவை அவளுக்குத் தெரியும்.

கார்வெல் மேமின் நான்கு வயது மகள் மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று முன்ஷி சொன்னார். பரங்கியர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் குழந்தைக்குப் பளிங்குக் கல் வைக்கப் போகிறார்கள். பேகத்தின் கல்லில் இருக்கும் அதே பூக்கள் வேண்டும், ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று மேம் பிடிவாதமாக இருக்கிறாள். கல் ஏற்கெனவே கல்தச்சன் பஹோரி மிஸ்திரியின் பட்டறைக்கு வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில தூரிகையோட ரௌசாவுக்கு வந்துருங்க," என்றார் முன்ஷி. "மேம் கண்ணு முன்னால உக்காந்து, கல்லைப் பாத்து வரையணுமாம். அச்சு கிச்செல்லாம் கூடாதாம்."

அவர் போனபிறகு இம்தாத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கேட்டியா? அப்பா மேலேயே பழி போடுறா அந்த மேம்."

"அப்பா மேல இல்லடா. என் மேல."

"என்ன?"

"அந்தப் பூவை நான்தான் போட்டேன்."

வஜீரன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். நஜீபன் தூரிகையை அலசிக்கொண்டே சொன்னாள். கம்பெனிக்காரர்கள் கோட்டையைப் பிடித்த வருஷம். அப்பா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தார். படகு ஏறப்போகும் ஒரு பெரிய அதிகாரிக்கு மறுநாள் காலையில் கட்டுக் கொடுத்தாக வேண்டும். மான்தோலை எடுத்து விரித்தால் எலி கடித்து வைத்திருக்கிறது, கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. அங்கே என்ன பூ இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. முந்தைய தாளெல்லாம் விற்றுப் போய்விட்டிருந்தது. கேட்கலாம் என்றால் அப்பாவுக்குப் பிரக்ஞையே இல்லை. ஒரு பூவைப் போட்டாள். பிறகு ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, அந்தப் பூவையும் ஊசியால் குத்தி வைத்துவிட்டாள். அப்பா அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"இருபத்தாறு வருஷம்!" இம்தாத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "இருபத்தாறு வருஷமா சீமைக்குப் போன அத்தனை தாள்லயும் அந்தப் பூ இருக்கு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டா?"

"எதிர்த்த தெரு நியாமத்துல்லாவும் அதே பூவைப் போடுறானே!"

"நம்ம தாளைப் பாத்துத் திருடினவன் வேற என்ன போடுவான்?" என்றாள் வஜீரன். "நல்லா வேணும் அவனுக்கு."

"நீ சும்மா இரு. நாளைக்கு நான் அங்க போய் எப்படிப் பூ வரையுறது? அதைச் சொல்லு."

"வரையுறவங்களை அனுப்புங்க," என்றாள் வஜீரன், சாதாரணமாக.

"வீட்டுப் பொம்பளையைப் பரங்கி முன்னால கொண்டுபோய் நிறுத்துறதா?"

"அந்தப் பரங்கியும் பொம்பளைதானே. ஆம்பளைங்களை வெளிய போகச் சொன்னா முடிஞ்சுது."

இருவரும் நஜீபனைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ரௌசாவைப் பார்க்கக் கிடைத்ததே என்று அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. அவளுக்கு முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. டோலியில் மடக்கி உட்கார்ந்தால் இறங்கும்போது நீட்ட வராது.

"எட்டுப் பூ மிச்சம் இருக்கே," என்றாள். பிறகு, "சரி, போறேன்," என்றாள்.

மறுநாள் டோலிக்குப் பக்கத்தில் நடந்து வந்த இம்தாத், வழியெல்லாம் திரைக்குள் பேசிக்கொண்டே வந்தான்.

"இங்க பாரு அக்கா. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க கத்தியால கல்லைத் தோண்டி எடுத்துட்டுப் போறது ஊருக்கே தெரியும். அந்த நீலப் பூவையும் அப்படித் தோண்டிட்டாங்கன்னு சொல்லிரு. அப்பா எடுத்தப்ப இருந்துச்சு, இப்ப இல்ல. அவ ஆளுங்க செஞ்சது. அவளால வாயைத் திறக்க முடியாது."

"தோண்டின இடத்துல குழி இருக்குமேடா."

"குழியைப் பூசிட்டாங்கன்னு சொல்லு."

டோலி ஆட ஆட நஜீபனுக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது.

பெரிய வாசலில் இறங்கித் தோட்டத்தின் வழியாக நடந்து, மேடையின் படிகளில் ஏறி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. கால் எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து ஏறியதில் கட்டிடம் முழுதாகக் கண்ணில் படவே இல்லை. இம்தாத் வாசலிலேயே நின்றுகொண்டான். காவல் ஆட்களையும் முன்ஷி வெளியே அனுப்பிவிட்டிருந்தார்.

உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. பளிங்குச் சாளர வழியாக வந்த வெளிச்சம் மாவு சலித்தது மாதிரி இருந்தது. சமாதியைச் சுற்றியிருந்த பளிங்குத் தட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலியில் கறுப்பு உடையில் மேம் உட்கார்ந்திருந்தாள். உயரம், ஒல்லி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் தரையில் ஆயா. பாட்னாக்காரி, பெயர் சுக்கியா.

மேமுக்கு இந்துஸ்தானி தெரியும். ஆனால் அதை வேலைக்காரர்களிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டிருந்ததால் எல்லோரையும் அதட்டுவது போலத்தான் அவளுக்குப் பேச வரும்.

"நீ யாரு? படக்காரன் எங்க?"

நஜீபன் முக்காட்டை விலக்கினாள். "அவன் வெளிய நிக்கிறான். கட்டிடம் அவன் போடுறது. பூ நான்."

மேம் ஆயாவைப் பார்த்தாள். ஆயா அதைத் திரும்பவும் சொன்னாள். மேம் கொஞ்சநேரம் நஜீபனின் கையையே பார்த்தாள். ஆள்காட்டி விரலில் தூரிகை பிடித்த காய்ப்பு, நகத்தடியில் போகாத நீலம். பிறகு எழுந்துபோய்ப் படத்தை விரித்து, கல்லின் பக்கவாட்டில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க. பூ இல்ல. பாரு."

நஜீபன் குனிந்து தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. குழியும் இல்லை, பூச்சும் இல்லை. யாரும் எதையும் தோண்டவில்லை. அந்த இடத்தைச் சும்மா விட வேண்டும் என்று நினைத்து விட்டிருந்தார்கள். தோண்டப்பட்ட குழிகள் வேறு இடங்களில் இருந்தன. ஓர் இதழ், ஓர் இலை, சின்னச் சின்னதாய்.

தம்பி சொல்லிக்கொடுத்தது தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கு ஆதரவாய் இன்னொன்றைச் சொல்லி, இவள் திருப்பிக் கேட்டால் மூன்றாவதைத் தேடி... அவ்வளவுக்கும் அவளிடம் தெம்பு இல்லை.

"எலி," என்றாள்.

"என்ன?"

"அச்சுத் தோலை எலி கடிச்சிருச்சு. ஓட்டையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. விடிஞ்சா படத்தைக் கொடுக்கணும். களைப்பா இருந்துச்சு. ஒரு பூவைப் போட்டேன்."

ஆயா அதை மேமின் பாஷையில் சொன்னாள். எலி என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் இரண்டு கையையும் மூக்குக்கு முன்னால் வைத்துக் கொறித்துக் காட்டினாள். மேம் அதையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்றுதான் நஜீபன் நினைத்தாள். இல்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேலே குவிமாடத்துக்குள் போய்ச் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தது. அது அடங்குவதற்குள் மேம் பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆவணி மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கிறா," என்று ஆயா கிசுகிசுத்தாள். "நல்ல எலிம்மா உன் எலி."

மேற்குச் சாளரத்தில் வெயில் வரும்வரை நிறம் சரியாகத் தெரியாது. காத்திரு என்றாள் மேம். நஜீபன் பளிங்குத் தட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை நீட்டினாள். முழங்காலில் குளிர்ச்சி இதமாக ஏறியது. மினாரும் குவிமாடமும் என்று நூற்றுக்கணக்கில் பார்த்த தாள்கள் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போயின. வஜீரன் எண்ணெய்க்காரனிடம் பேசினாளா என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். தூங்கிப்போனாள்.

எழுந்தபோது வெயில் மேற்கிலிருந்து விழுந்து கல்லைத் தேன்நிறமாக்கியிருந்தது. தன்மேல் யாரோ சால்வை போர்த்தியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"எழுப்பக் கூடாதுன்னுட்டா," என்றாள் ஆயா. "பகல் பூரா உன்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நீ குறட்டை வேற விட்டே. இந்தக் கட்டிடத்துல ஒரு மூச்சு விட்டா நாலு மூச்சாக் கேக்கும். வெளிய நிக்கிற காவலாளு என்னமோ ஏதோன்னு ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டான்."

"அட கடவுளே," என்றாள் நஜீபன்.

அதன்பிறகு வரைந்தாள். அச்சு இல்லாமல் வரைவது பழக்கமில்லாததால் முதல் இரண்டு கோட்டை அழித்துப் போட்டாள். கல்லில் இருந்த பூக்கள் அவளுடைய பூக்களைவிடப் பெரியவை. அவ்வளவு நேர்த்தியும் இல்லை. அப்பா அவற்றைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறார் என்று இப்போது தெரிந்தது. தண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வளையவில்லை. கால்மாட்டுப் பக்கம், சுவரைப் பார்த்த மூலையில், யார் கண்ணும் சுலபத்தில் போகாத இடத்தில் ஒரு கசகசாப் பூவின் ஓர் இதழ் குட்டையாக இருந்தது. சிவப்புக் கல் போதாமல் போயிருக்கிறது. வேறு சிவப்பில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும் சரியாக உட்காரவில்லை.

அவள் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் குந்தியிருந்தாள். பாதுஷாவின் பெண்டாட்டிக்கு வேலை செய்தவன் இவன். அவனுக்கும் விடிந்தால் கொடுக்க வேண்டியது ஏதோ இருந்திருக்கும். மேற்பார்வைக்காரன் பார்க்கவில்லை, பார்த்தும் சொல்லவில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆள் ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைப் போல அவளுக்குத் தெரிந்தான்.

"என்ன?" என்றாள் மேம், பக்கத்தில் வந்து குனிந்து.

நஜீபன் காட்டினாள். மேம் கல்லோடு கன்னத்தை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது தப்பு?"

"தப்புத்தான். அவனுக்கும் களைப்பா இருந்திருக்கும்."

"இதையும் போடு," என்றாள் மேம். "இருக்கிற மாதிரி."

நஜீபன் அதை இருந்தபடியே போட்டாள்.

சாயங்காலம் வாசலில் இம்தாத் பரபரப்போடு வந்தான். "சிப்பாய்னு சொன்னியா?"

"எலின்னு சொன்னேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். வீடு போய்ச் சேரும்வரை டோலிக்கு நாலடி முன்னாலேயே நடந்தான். மறுநாள் முன்ஷி வந்து மேமுக்குப் படம் பிடித்துவிட்டது, இன்னும் மூன்று கட்டு வேண்டுமாம், பூ போடும் அம்மாளே போடட்டுமாம் என்று சொன்னபோதுதான் அவன் கோபம் இறங்கியது. முன்ஷியும் அவனை ஒரு மாதிரி பார்த்து, "மறைச்சு வச்சுட்டீங்களே மியான்," என்று சொல்லிவிட்டுப் போனார். இம்தாதுக்கு அது ரொம்ப நாள் உறுத்தியது. "இனிமே எல்லாரும் உன்னைத்தான் கேப்பாங்க," என்றான் ஒருநாள், தூரிகையைத் துடைத்தபடி. "கேக்கட்டும். நான் இங்கதானே உக்காந்திருக்கேன்," என்றாள் அவள்.

புதுத் தோலில் புது அச்சுக் குத்தினார்கள். நீலப் பூ இல்லாத தாள்கள் வெளியே போக ஆரம்பித்தன. பதினைந்து நாளில் ஒரு கேப்டன் கட்டைத் திருப்பிக்கொண்டு வந்தான். அவனுடைய பெரியப்பா வீட்டுச் சுவரில் இதே படம் இருக்கிறதாம்; அதில் அழகாக ஒரு நீலப் பூ உண்டாம்; இதில் காணோமாம். படக்காரன் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டான் என்றான். இம்தாத் உள்ளே வந்து வாசற்படியில் நின்று தாளை நீட்டினான். நஜீபன் தாளைக் கைநீட்டி வாங்கி, அந்தப் பூவைப் போட்டுக் கொடுத்தாள். வஜீரன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனாள். அப்புறம் இரண்டு அச்சையும் வைத்துக்கொண்டார்கள். கேட்கிறவர்களுக்குக் கேட்கிறது.

பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் கார்வெல் துரையின் படைப்பிரிவை மீரட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் ஆயா சுக்கியா வீட்டுக்கு வந்தாள்.

"கல்லு இன்னும் முடியல. மிஸ்திரி இழுத்தடிக்கிறான். நாங்க நாளைக்குக் கிளம்பணும். முடிஞ்சதும் நீ போய்ப் பாக்கணுமாம். உன் படத்தை வச்சுப் பாக்கச் சொன்னா. கல்லுல வெட்ட மிஸ்திரிக்குக் கொடுத்த எழுத்து இதுலயும் இருக்கு." ஒரு மடித்த காகிதத்தைக் கொடுத்தாள். "மேம் வேற யாரையும் நம்பல. முன்ஷியைக்கூட."

"எனக்கு அந்த எழுத்து தெரியாதேம்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா? லூசின்னு பேரு. நான்தான் தூக்கி வளத்தேன்." ஆயா மூக்கைச் சிந்தினாள். "மீரட்டுல என்ன வெயிலோ. எனக்கு இவங்க பின்னால அலைஞ்சு அலைஞ்சு இடுப்பு போச்சு."

ஒரு மாதம் கழித்து மிஸ்திரி ஆள் அனுப்பினான். நஜீபன் டோலியில் பரங்கியர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வேப்ப மரங்களில் பூ கொட்டிக்கொண்டிருந்தது. பஹோரி மிஸ்திரி ஒரு புது மேட்டின் பக்கத்தில் குந்தி பீடம் துடைத்துக்கொண்டிருந்தான். அறுபது வயது, புருவத்திலெல்லாம் பளிங்குத் தூசி.

"வாங்க. பாருங்க. நல்லா பாருங்க. வெள்ளைக்காரிக்குச் சந்தேகம் தீரட்டும்."

அவள் தாளைத் தொடையில் விரித்துக்கொண்டு தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பூவாக, ஒவ்வொரு இலையாக. கல் பதிக்கவில்லை, செதுக்கியதுதான். ஆனாலும் கை நல்ல கை. இரண்டு கசகசாப் பூக்களுக்கு நடுவில் வெறும் கல் வெறுமையாகவே இருந்தது. கால்மாட்டுக்கு வந்ததும் நின்றாள்.

"மிஸ்திரி, இந்த இதழு."

"என்ன அதுக்கு?"

"படத்துல குட்டையா இருக்கு. ஒட்டு இருக்கு. நீங்க முழுசா செதுக்கிட்டீங்க."

"பின்ன? அது தப்பும்மா. உங்க கை தவறிருக்கும்னு நினைச்சுச் சரி பண்ணிட்டேன்."

"கை தவறல. ரௌசாவுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப ரௌசாவுல தப்பு." அவன் உளியைக் கீழே வைத்தான். "நாப்பது வருஷமா கல்லு வேலை பாக்குறேன். தெரிஞ்சே ஒரு கோணல் இதழை வெட்டச் சொல்றீங்களா? நாளைக்கு நாலு பேரு வந்து பாத்துட்டு பஹோரிக்கு வயசாயிருச்சும்பாங்க. அதெல்லாம் என்னால ஆகாது."

அவன் கோபமாக வியர்வையைத் துடைத்துக்கொண்டான். நஜீபன் இதழைத் தடவிப் பார்த்தாள். மெல்லிய விளிம்பு. நல்ல இதழ். இதைக் குட்டையாக்க வேண்டுமென்றால் இப்போதுகூட முடியும். விளிம்பில் கொஞ்சம் தட்டினால் போதும். மேம் ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றுதான் சொன்னாள். மீரட் எட்டு நாள் பயணம். அவள் திரும்பி வருவாளோ மாட்டாளோ.

வெயில் முதுகில் சுட்டது. வேப்பம்பூ தாளின் மேல் விழுந்தது, ஊதிவிட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "குழந்தைக்குத்தானே."

மிஸ்திரி பீடத்தின் மேல் இருந்த தூசியை இன்னொரு தடவை துடைத்தான்.

எழுத்தைச் சரிபார்ப்பதுதான் மிச்சம் இருந்தது. ஆயா கொடுத்த காகிதத்தை அவள் பிரித்தாள். அவனுக்கும் அந்த எழுத்து தெரியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, காகிதத்தில் ஒரு விரலும் கல்லில் ஒரு விரலுமாக நகர்த்திக்கொண்டு போனார்கள். கொக்கி இருக்கிறதா, வால் இந்தப் பக்கம் திரும்புகிறதா, புள்ளி மேலே இருக்கிறதா என்று. மூன்று வரி. முடிப்பதற்குள் நிழல் மேட்டின் அந்தப் பக்கம் போய்விட்டது.

"சரியா இருக்கா?" என்றான் மிஸ்திரி.

"இருக்கு. இதுல லூசி எதுன்னு தெரியுமா?"

"இதுவா இருக்கும். பெரிசா இருக்குல்ல."

அவள் தலையாட்டினாள். காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எழுந்திருக்கக் கை கொடுக்க யாரும் இல்லாததால் கல்லையே பிடித்துக்கொண்டு எழுந்தாள்.